தனியாக ஏற்றி அனுப்பாதீர்கள்

தீவுக் கல்லூரிகளில் மாணவர் ஆலோசகராக இப்போது சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு தகவல். உங்கள் அறை வாசலில் ஒரு பலகை மாட்டுவார்கள். அந்தப் பலகையைப் படித்துவிட்டு, "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களைப் பற்றிய செய்தி வேறு பெயரில் வந்து சேரும். வருகைப் பதிவு குறைவு என்று வரும். லேபில் கண்ணாடிச் சாமானை உடைத்தான் என்று வரும். நான் இங்கே சொல்லப்போகும் பெண்ணைப் பற்றிய செய்தி, கருவாட்டு நாற்றம் என்று வந்தது.

இந்த வேலைக்கு வருமுன் சில ஆண்டுகள் ஒரு செய்தித்தாளில் வேலை பார்த்தேன். அங்கே கற்றது ஒன்றுதான்: செய்தி தலைப்போடு வராது. தலைப்பை நாம்தான் போட வேண்டும். தவறான தலைப்பைப் போட்டுவிட்டால் கீழே உள்ள எதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

அன்று காலை விடுதி வார்டன் என் அறைக்கு வந்தார். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். எங்களுக்குள் பேச்சு பாதி ஹிந்தியில், பாதி தமிழில் நடக்கும்.

"மேடம், மேல் மாடி பூரா நாத்தம். கச்சால் பொண்ணு ரூம்லருந்துதான் வருது. நான் சொல்லிச் சொல்லி தக் கயி, அலுத்துப் போச்சு. நீங்க கூப்பிட்டு நல்லாத் திட்டுங்க."

"என்ன நாத்தம்?"

"கருவாடுதான். வேற என்ன? பினாயில் ஊத்தினோம், ஊதுவத்தி வெச்சோம். இப்ப மூணும் சேந்து நாறுது."

கச்சால் போன்ற தெற்குத் தீவுகளிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாமான் கப்பலில் வரும். தபாலில் அல்ல. அந்தக் கப்பலில் ஏறுகிற தெரிந்தவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். கருவாடு, தேங்காய், வாழைக்காய், பண்டிகைச் சமயமென்றால் முறுக்கு. கப்பல் வருகிற நாளில் பிள்ளைகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போய் நிற்பார்கள். மூட்டை விடுதிக்கு வந்ததும் அந்த மாடியே கூடிவிடும். மாலைக்குள் சாக்கு காலி. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் மீறியவர்களும் இல்லை.

வார்டனோடு மேல் மாடிக்குப் போனேன். அந்தக் கச்சால் பெண் செல்வராணியின் கட்டிலுக்கு அடியில் அப்படிப்பட்ட மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. சணல் சாக்குகள். வாயை நீல நைலான் கயிற்றால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். ஒன்று மழையில் நனைந்து வந்திருக்க வேண்டும். அடியில் கசிந்து தரை கறுத்திருந்தது. கைப்பேசி அணைந்து கிடந்தது. சார்ஜர் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. தலையில் சிக்கு விழுந்து பல நாளாகியிருந்தது. போன வருடம் கல்லூரியின் கோ-கோ அணியில் ஓடிய பெண் இவள். அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து உட்கார முயன்றாள், பிறகு விட்டுவிட்டாள்.

"எந்திரிக்க ஏலல மேடம்."

அவள் தாத்தா காலத்தில் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. 'முடியல' என்பதற்கு அவர்கள் வீட்டில் இன்னும் 'ஏலல'தான்.

"காய்ச்சலா?"

"இல்லங்க."

"வீட்டுச் சாமானைப் பிரிக்கவே இல்லையே?"

"பிரிக்கணும்."

அறைத்தோழி சுமித்ரா வாசலில் நின்றிருந்தாள். டிக்ளிபூரிலிருந்து வந்த வங்காளிப் பெண். நாலு மொழியிலும் சரளமாகத் தப்பாகப் பேசுவாள்.

"மேம், இவ ஜெட்டிக்கே வர்றதில்ல. நான்தான் தூக்கிட்டு வரேன். நீ பிரின்னு சொல்றா, நான் எப்படிப் பிரிக்க? அவ அம்மா தெச்சது. க்ளாஸ் வர்றதில்ல. நஹானா பி பந்த். குளிக்கிறதே இல்ல. நான் வார்டன் மேமுக்கு ஃபர்ஸ்ட்டே சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பினாயில் குடுத்தாங்க."

வார்டன் என் பக்கம் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த மாடியில் செல்வராணி அழுததை யாரும் பார்த்ததில்லை. அவள் யாரிடமும் எதையும் புலம்பவில்லை. எதிர்பார்க்கிற அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் அவள் செய்துகொண்டிருந்த காரியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. ஜெட்டி, வகுப்பு, குளியல், போன். புதிதாக என்ன முளைத்தது என்று தேடாதீர்கள். எது நின்றுபோனது என்று கேளுங்கள்.

முதல்வரின் அறைக்கு வார்டனும் நானும் போனபோது அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்து இங்கேயே பல வருடங்கள் இருந்துவிட்டவர், நல்ல மனிதர். துறைத் தலைவர் வருகைக் குறைவைப் பற்றி அவரிடம் பேசியிருந்தார்.

"ஹோம்சிக் மேடம். இது நாம பாக்காததா? ரெண்டு வாரம் அம்மா கைச் சாப்பாடு சாப்பிட்டா சரியாயிரும். இன்னைக்கு மத்தியானம் கச்சால் போற கப்பல் இருக்கு. ஷிப்பிங் ஆபீஸ்ல பேசிட்டேன், எமர்ஜென்ஸி கோட்டால ஒரு பங்க், படுக்கை சீட்டு, குடுக்கிறாங்க. இதை விட்டா அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியலையாம். கடல் மோசமாகிட்டு வருது."

இது நம் தீவுகளுக்கே உரிய பழக்கம். மெயின்லேண்டில் ஒரு மாணவி இப்படிப் படுத்தால் என்ன செய்வார்களோ தெரியாது. நாம் கப்பல் ஏற்றுவோம். அதில் அலட்சியம் கிடையாது. சீட்டுக்கு அலைவார்கள், ஜெட்டிவரை கொண்டுபோய் விடுவார்கள், வழிக்குப் பழம் வாங்கிக் கொடுப்பார்கள். வீடு போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் உண்மையாகவே நம்புவார்கள். பெரும்பாலும் சரியாகவும் ஆகியிருக்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்திக் கேள்வி கேட்பது கடினம்.

சீட்டு கிடைத்துவிட்டது என்றதும் எல்லாம் வேகமெடுத்தது. வார்டன் பையை எடுத்து வைத்தார். பக்கத்து அறைப் பெண்கள் துணி மடித்தார்கள். யாரோ ஆட்டோவுக்குச் சொல்லப் போனார்கள். செல்வராணியை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"ஸ்வெட்டர் வேணுமா? டெக்ல காத்தடிக்கும்."

"சரி."

"புஸ்தகம் வெக்கவா, வேண்டாமா?"

"சரி."

"அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டியா?"

"சரி மேடம்."

செய்தியாளராக இருந்த நாட்களில் சிலரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்கிறவர் பதில் சொல்லவில்லை. கேள்விகள் முடியட்டும் என்று காத்திருக்கிறார். இந்தப் பெண் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் அவளை ஒரு நாளுக்கு மேல் ஓடும் கப்பலில், தெரிந்தவர் யாருமில்லாமல் ஏற்றுகிறோம். அதுதான் அங்கே இருந்த உண்மை நிலவரம். பையும் பழமும் சீட்டும் அதை மறைத்துக்கொண்டிருந்தன.

வார்டனை வராந்தாவுக்கு அழைத்தேன்.

"எல்லாரையும் கொஞ்சம் கீழே அனுப்புங்க. அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப் போறீங்க?"

சொன்னேன்.

"ஐயோ மேடம். மத் பூச்சியே, கேக்காதீங்க. வாயால கேட்டா இல்லாத நெனப்பும் வந்துரும்."

நீங்களும் இதைக் கேட்பீர்கள், ஒவ்வொரு கல்லூரியிலும், படித்தவர்கள் வாயிலிருந்தே. கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கிற எண்ணம் வெளியே வர வழி கிடைக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் "இல்லை" என்பார்கள்; சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள். 'தப்பான முடிவு', 'ஏதாவது செஞ்சுக்கிறது' போன்ற சொற்கள் கேட்கிறவரின் பயத்தைத்தான் காட்டும். அந்தப் பயத்தைப் பார்த்த பிள்ளை, நம்மைக் காப்பாற்றுவதற்காகவே "அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடும்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்றம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிட்டது.

"செல்வராணி, செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

"தோணுது."

"இன்னைக்கும் தோணுதா?"

தலையை ஆட்டினாள். பிறகு, சீட்டு வந்ததிலிருந்து 'சரி' மட்டுமே சொல்லிவந்தவள் முதல்முறையாகத் தானாக ஒன்றைச் சொன்னாள்.

"என்னைய கப்பல்ல தனியா ஏத்தாதீங்க மேடம்."

"வீட்டுக்குப் போகப் பிடிக்கலையா?"

"வீட்டுக்குப் போகணும். தனியா வேணாம்."

அதற்கு மேல் அவளைத் தோண்டவில்லை. ஏன், எதனால் என்பதெல்லாம் பிறகு மருத்துவர் கேட்க வேண்டியது. எனக்கு அப்போது தேவைப்பட்டது கிடைத்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். இந்த இடத்தில் சத்தியம் செய்து கொடுத்துவிடுவது சுலபம். செய்யாதீர்கள்.

"சொல்லாம இருக்க முடியாதும்மா. ஆனா யார்கிட்டச் சொன்னாலும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இப்ப பிரின்சிபால்கிட்டச் சொல்லப் போறேன். அப்புறம் உங்க வீட்டுக்கு. அப்புறம் டாக்டருக்கு. சுமித்ரா இங்க உன்கூட இருப்பா."

"சரி" என்றாள். இந்தச் 'சரி' வேறு மாதிரி இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமித்ராவை மேலே கூப்பிட்டு, கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்படின்னா உடனே வீட்டுக்கு அனுப்பறதுதானே நல்லது? இங்க வெச்சுக்கிட்டு ஏதாவது ஆச்சுன்னா காலேஜ் பேரு என்னாகும்?"

"கப்பல்ல ஆச்சுன்னா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் பயந்ததைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பயந்திருந்தேன். முதல் பயத்தில் மனிதர்கள் ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தப் பார்ப்பார்கள். அது ஆபத்தைக் குறைக்காது. உங்கள் முதல்வரும் அப்படித்தான் பேசுவார். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இந்தக் கேள்வியை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

"எத்தனை நாள் இங்க வெச்சுப் பாக்கணும்?" என்றார்.

"தெரியாது சார்."

"யார் பாத்துக்கறது?"

"அதை டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேணும்."

தன் காரை எடுக்கச் சொன்னார். ஷிப்பிங் ஆபீசுக்கு அவரே போன் செய்து பங்க்கைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பொண்ணு வரல. உடம்பு சரியில்ல. பயணம் பண்ற நிலைமைல இல்ல." அன்றைக்குச் சொல்லப்பட்டவற்றில் அதைவிடச் சரியான வாக்கியம் வேறில்லை.

வீட்டுக்குப் பேசுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கச்சாலில் நெட்வொர்க் கிடைக்காமல், பக்கத்துக் கடைக்காரர் வழியாக ஆளைப் பிடித்தோம். அப்பா எடுத்தார்.

"என்னா தப்புப் பண்ணுச்சுங்க?"

"தப்பு எதுவும் பண்ணலீங்க. உடம்புக்கு முடியல. மனசு ரொம்பச் சோர்ந்து போயிருக்கு. சாகணும்னு தோணுதுன்னு சொல்லுது. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம். தனியா விட மாட்டோம்."

அவர் போனை யாரிடமோ கொடுத்தார்.

"நான் அம்மா பேசுறேன். அந்தப் புள்ளய அனுப்பாதீங்க. நான் வர்றேன். இன்னிக்குக் கெளம்புற கப்பல் இங்க வந்து திரும்பும்ல, அதுல ஏறி வந்துர்றேன்."

அதுவரை நாங்கள் யாரும் யோசிக்காத வழி அது. கப்பல் இரண்டு பக்கமும்தான் ஓடுகிறது. ஆனால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதையே எல்லோரும் யோசித்தோம். வீட்டைப் பிள்ளையிடம் வரவழைப்பதை யாரும் யோசிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் செல்வராணியோடு நெடுநேரம் தனியாகப் பேசினார். பிறகு வார்டனையும் சுமித்ராவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார். வார்டில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் எப்படித் தெரியும் என்று விளக்கினார்.

"மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் கூட ஆள் இருக்கணும், எப்பவும். பாத்துக்கறோம்னு பொதுவாச் சொல்லாதீங்க. யார் யாருன்னு இப்பவே பேர் சொல்லுங்க."

முதலில் பேசியது வார்டன்.

"ராத்திரி என் ரூம்ல படுக்கட்டும் டாக்டர். எனக்குக் குறட்டை ஜாஸ்தி. அது பரவாயில்லன்னா."

"பகல்ல நான்" என்றாள் சுமித்ரா. "லேப் இருக்கிற அன்னைக்கு மட்டும் இந்த மேம்."

செல்வராணி எங்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். "வார்டன் மேம் கொறட்டை மேல் மாடிக்கே கேக்கும்" என்றாள். நகைச்சுவையாகச் சொன்னாளா, புகாராகச் சொன்னாளா தெரியவில்லை. மருத்துவர் சிரித்தார்.

அடுத்து வந்த நாட்களில் எழுதும்படியாக எதுவும் நடக்கவில்லை. அதுதான் நாங்கள் விரும்பியது. அவளை யாரும் உற்சாகப்படுத்தவில்லை, உபதேசம் செய்யவில்லை. ஒரு பேராசிரியர் மட்டும் வந்து, "உனக்கு என்னம்மா குறை?" என்று தொடங்கினார். வார்டன் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

கப்பல் திரும்பிய அன்று ஜெட்டிக்கு வருகிறேன் என்று செல்வராணியே சொன்னாள். சுமித்ராவும் நானும் இரண்டு பக்கமும் நின்றோம். அம்மா இறங்கினார். மெலிந்த, வேகமான பெண்மணி. மகளை மேலும் கீழும் பார்த்தார். கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

"என்னாடி தல இது? காக்கா கூடு கட்டிட்டுப் போயிருச்சா?"

செல்வராணி அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அப்போதுதான். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அதற்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்னைய முன்னாடியே கூப்பிட்டிருக்க ஏலாதா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில், கச்சாலிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அம்மா எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்தார். எண்ணெய் ஜாஸ்தி என்று மகள் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை அம்மா என்னிடம் குற்றமாகச் சொன்னார். நான் அதை மருத்துவரிடம் நல்ல செய்தியாகச் சொன்னேன். நடுவில் மோசமான நாட்களும் வந்தன. ஒருமுறை மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. அந்த செமஸ்டர் போய்விட்டது. முதல்வர் அதை மறுபடி படிக்க அனுமதி கொடுத்து, "படிப்பு எங்கயும் ஓடிராது" என்றார். ஓடியிருந்தால்கூட அவளுக்கு அன்று அது இரண்டாவது விஷயம்தான்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் செல்வராணி விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறை வந்தது. கச்சாலுக்கு அவள் போக வேண்டும், கப்பலில்.

அழைத்துப் போகட்டுமா என்று அம்மா கேட்டார், நானும் கேட்டேன். வேண்டாம் என்றாள். ஏற்பாட்டை அவளே செய்திருந்தாள். சுமித்ரா கூடப் போகிறாள். கச்சால் பழங்குடிப் பகுதி, வெளி ஆள் போக பாஸ் வேண்டும். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அந்தப் பாஸை வாங்கியது செல்வராணி. சில மாதங்களுக்கு முன் கட்டிலிலிருந்து எழ முடியாமல் இருந்தவள்.

ஃபீனிக்ஸ் பேயில் கூட்டம் நெருக்கியது. மூட்டை, கோழிக்கூடு, ஸ்கூட்டர் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. சுமித்ரா ஏற்கெனவே வெளிறிப்போய், கப்பல் அசையுமுன்பே ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியொரு நல்ல நாளில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க யாருக்கும் நாக்கு எழாது. நீங்கள் கேட்க வேண்டும். அவளைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துக் கேட்டேன், அதே சொற்களில்.

அவள் முகம் சுளிக்கவில்லை. யோசித்துப் பதில் சொன்னாள்.

"சில நாள் தோணும் மேடம். முந்தி மாதிரி இல்ல. இன்னைக்குத் தோணல. டாக்டர்கிட்டயும் இதத்தான் சொன்னேன். மாத்திரை பையில இருக்கு."

"வழியில தோணினா?"

"சுமித்ராகிட்டச் சொல்லுவேன்."

இருவரும் திரும்பிச் சுமித்ராவைப் பார்த்தோம். அவள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"அவளால கேக்க முடியுமா?"

"வாந்தி எடுத்துட்டே கேப்பா" என்றாள் செல்வராணி. "நீங்க போங்க மேடம். அவளை மேல ஏத்தணும், எனக்கு வேலை இருக்கு."

தோழியின் பையையும் தன் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, மற்றக் கையால் அவள் முழங்கையைப் பிடித்து, படியில் ஏறினாள்.